நரம்பு கிடைக்காதவர்களுக்கு ஸ்கேன் பார்த்து ஊசி

நோயாளிகளை நலம் விசாரிக்கப் போகும்போது நாம் அடிக்கடி கேட்பது: "நரம்பே கிடைக்கலை ஹஜ்ரத், நாலு இடத்துல குத்திட்டாங்க." நரம்பு என்று நாம் சொல்வது உண்மையில் சிரை, ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். டயாலிசிஸ், கீமோ சிகிச்சையில் இருப்பவர்கள், உடல் பருத்தவர்கள், நீர்ச்சத்து வற்றிய குழந்தைகள் ஆகியோருக்கு அது எளிதில் விரலில் தட்டுப்படாது.

இவர்களுக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கைகொடுக்கும். கையில் ஜெல் தடவிக் கருவியை வைத்தால், ரத்தக் குழாய்கள் திரையில் கறுப்பு வட்டங்களாகத் தெரியும். லேசாக அழுத்தியதும் நசுங்குவது சிரை. நசுங்காமல் துடிப்பது தமனி. அதைப் பார்த்தபடியே ஊசியை இறக்குவார்கள். ஆழமான குழாய்க்கு நீளமான வென்ஃப்ளான் வேண்டும். குட்டையானது நழுவினால் மருந்து சதையில் இறங்கிக் கை வீங்கும். இது ஒலி அலைதான். எக்ஸ்ரே கதிர் இல்லை.

தியாகதுருகத்தாருக்குப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரி, 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி. எந்த ஆஸ்பத்திரியானாலும் வார்டுக்கு வார்டு ஸ்கேன் மெஷின் இராது. கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு மெஷினும் பதிவாகியிருக்க வேண்டும். நினைத்த இடத்துக்கெல்லாம் தூக்கிப்போக முடியாது. எனவே இரண்டு முறை தவறினால் நர்ஸிடம் கோபப்படாமல், "மயக்க மருந்து டாக்டர் ஸ்கேன் பார்த்துப் போட முடியுமா?" என்று கேளுங்கள். சிறுநீரக நோயாளி என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பின்னாளில் டயாலிசிஸுக்கு வேண்டிய கை நரம்புகளைக் காப்பாற்றி, புறங்கையில் போடப் பார்ப்பார்கள்.

ஜெல் நஜீஸ் அல்ல. ஆனால் தோலில் தண்ணீர் படும்படி துடைத்துவிட்டு உளூச் செய்ய வேண்டும். ஊசி குத்திய இடத்தில் ரத்தம் வழிந்தால் ஹனஃபி மத்ஹபில் உளூ முறியும், ஷாஃபிஈ மத்ஹபில் முறியாது.