நில்லாத குருதி

மரக்காணத்தை அடுத்த அனுமந்தைப் பகுதியில் உப்பளத் தொழிலாளரின் கால்களைக் கவனித்திருக்கிறீர்களா? உவர்நீரில் ஊறி வெடித்த குதிகால். உப்புப் பரல் கீறிய தோல். கசியும் குருதி சற்று நேரத்தில் உறைந்து நின்றுவிடும், வேலையும் தொடரும். குருதி எளிதில் உறையாத ஒருவர் அக்குடும்பத்தில் பிறந்தால் என்னாகும்?

ஹீமோபிலியா எனும் இந்நோயில் வெளிப்புண்ணைவிட உட்கசிவே கொடியது. முழங்காலில் குருதி தேங்கித் தேங்கி மூட்டு இறுகிவிடும். அவரால் பாத்தியில் இறங்கி உப்பு வார இயலாது. 'ஏ' வகை நோயாளிக்குக் குறைவது எட்டாம் காரணி என்ற புரதம். அதனை ஆக்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், நோய் பெரும்பாலும் தாய்வழியே மகனுக்கு வருகிறது.

1964இல் அமெரிக்க விஞ்ஞானி ஜூடித் பூல் ஓர் எளிய உண்மையைக் கண்டார். உறைய வைத்த பிளாஸ்மாவைக் குளிரிலேயே மெல்ல இளக்கினால், அடியில் தங்கும் வண்டலில் எட்டாம் காரணி செறிந்திருக்கிறது! நீரை விட்டு, படிவதை எடுப்பது உப்பளத்தாருக்குப் புதிதன்று. பின்னர் பல்லாயிரம் பேரின் பிளாஸ்மாவைக் கலந்து மருந்து செய்தனர். அதன் வழியே 1980களில் எய்ட்ஸ் கிருமி நோயாளிகள் பலரைப் பற்றியது. இது மருத்துவ வரலாற்றின் துயரப் பக்கம். 1984இல் மரபணு பிரித்தெடுக்கப்பட்ட பிறகே, மனிதக் குருதியை நம்பாமல் காரணியை ஆக்க வழி பிறந்தது. ஆயினும் வாரத்தில் பல ஊசிகள், வாழ்நாள் முழுவதும்!

மரபணுவையே உடலுக்குள் அனுப்பினால் என்ன? வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் அலோக் ஸ்ரீவஸ்தவா குழுவினர் அதைத்தான் செய்தனர். நோயாளியின் குருதி மூல உயிரணுக்களைப் பிரித்து, அவற்றில் நல்ல மரபணுவை ஏற்றி, மீண்டும் அவர் உடலிலேயே செலுத்தினர். மரபணுவைச் சுமந்து சென்றது நோயுண்டாக்க முடியாதபடி மாற்றப்பட்ட லென்டிவைரஸ். எய்ட்ஸ் கிருமியும் அதே இனத்தைச் சேர்ந்ததுதான் என்பதை எண்ணிப் பாருங்கள்!

முடிவுகள் 2024 டிசம்பரில் வெளியாயின. சிகிச்சை பெற்றவர் ஐவர். அதன் பின் ஐவருக்கும் குருதிக்கசிவே இல்லை. கவனித்த காலம் 81 மாதங்கள். ஒவ்வொருவருக்கும் அன்று, ஐவரின் காலத்தையும் கூட்டினால் வரும் தொகை அது. ஆகவே, நோய் ஒழிந்தது என்று பறைசாற்றுவது அவசரம் என்பேன்.

2023இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற வேறொரு மரபணு மருந்து, கல்லீரலுக்கு மரபணுவைக் கொண்டு செல்வது. அதற்கு அறிவிக்கப்பட்ட விலை 29 லட்சம் டாலர். அதைச் சுமக்கும் வைரஸுக்கு எதிர்ப்பொருள் உள்ளவர்கள் அம்மருந்தைப் பெற முடியாது. வேலூர் முறையில் இத்தடை இல்லை. ஆனால் புதிய உயிரணுக்கள் இடம்பெறும் பொருட்டு, எலும்பு மஜ்ஜையிலுள்ள பழையவற்றைக் கடுமையான மருந்துகளால் முதலில் அழித்தாக வேண்டும்.