கடை வகுப்புப் பயணியின் குரல்: இந்திய இரயில் வரலாற்றில் பயணிகளின் அன்றாடக் குறைகள்

முன்னுரை

இந்திய இருப்புப்பாதையின் வரலாறு பெரும்பாலும் பாதைகள், பாலங்கள், முதலீடுகள், நிறுவனங்கள் ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்த ஆண்டு எந்த ஊருக்கு இரயில் வந்தது என்பது பதிவான அளவிற்கு, அந்த இரயிலில் ஏறியவர் எவ்வாறு அமர்ந்தார், தாகத்திற்கு என்ன செய்தார், இயற்கைத் தேவைக்கு எங்கே சென்றார் என்பவை கருதப்படவில்லை. ஆயினும் மனுக்கள், சட்டப்பிரிவுகள், கடிதங்கள், பயணக் குறிப்புகள் ஆகியவற்றைச் சேர்த்து நோக்கும்போது பயணியின் பக்கமிருந்தும் ஒரு வரலாறு புலப்படுகின்றது. இடம், நீர், கழிப்பறை, மதிப்பு ஆகிய நான்கு அன்றாடத் தேவைகளை முன்வைத்து அவ்வரலாற்றை ஆராய்வதாக இக்கட்டுரை அமைகின்றது.

தொடக்கமும் எதிர்பாராத கூட்டமும்

1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் பம்பாயின் போரிபந்தரிலிருந்து தானேவிற்கு 34 கிலோமீட்டர் தொலைவிற்கு முதல் பயணிகள் இரயில் ஓடியது. 1854இல் ஹௌராவிலிருந்து ஹூக்ளிக்கும், 1856 ஜூலை முதல் நாள் சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டிற்கும் பாதைகள் திறக்கப்பட்டன. சாதிக் கட்டுப்பாடும் வறுமையும் உள்ள நாட்டில் மக்கள் பெருமளவில் இரயிலில் ஏறுவார்களா என்ற ஐயம் தொடக்கத்தில் நிலவியது. அவ்வையம் விரைவிலேயே பொய்த்தது. பயணிகளுள் மிகப் பெரும்பான்மையோர் மூன்றாம் வகுப்பினராக இருந்தனர். பயணிகள் வழியாகக் கிடைத்த வருவாயின் பெரும்பங்கும் அவர்களிடமிருந்தே வந்தது.

வருவாய் தந்தவருக்கு வசதி கிட்டவில்லை. இதற்கான காரணத்தை இரயில் நிறுவனங்களின் அமைப்பிலேயே காணலாம். இலண்டனில் பதிவுபெற்ற தனியார் நிறுவனங்களின் முதலீட்டிற்கு ஆண்டுக்கு 5 விழுக்காடு வருவாயை அரசு உறுதி செய்திருந்தது. குறையும் தொகையை இந்திய வரிப்பணம் ஈடுசெய்தது. எனவே பயணியைக் கவர்ந்துதான் இலாபம் ஈட்டவேண்டும் என்ற நெருக்கடி நிறுவனங்களுக்கு இல்லை. மூன்றாம் வகுப்புப் பயணிக்கு வேறு வழியும் இல்லை. நெடுந்தொலைவிற்கு மாட்டுவண்டி இரயிலுக்குப் போட்டியாக அமைய இயலாது. மாற்று வழியற்ற பயணியும் இழப்பு அச்சமற்ற நிறுவனமும் எதிரெதிரே நின்ற சூழலே கடை வகுப்பின் இழிநிலைக்கு அடிப்படை எனலாம்.

இரயில் வருகைக்கு நெடுநேரம் முன்பே நிலையத்திற்கு வந்து காத்திருப்பது மூன்றாம் வகுப்பினரின் வழக்கமாயிற்று. இதனை நாட்டுப்புறத்தாரின் அறியாமை என்று எள்ளி நகையாடியோர் உண்டு. ஆனால் அன்று காலமே ஊருக்கொன்றாக இருந்தது. கல்கத்தா நேரம் சென்னை நேரத்தைவிட ஏறத்தாழ அரைமணி முன்னதாகவும், பம்பாய் நேரம் ஏறத்தாழ அரைமணி பின்னதாகவும் இருந்தன. இருப்புப்பாதைகளோ நாடெங்கும் சென்னை நேரத்தைப் பின்பற்றின. 1906ஆம் ஆண்டு சனவரி முதல் நாள்தான் இந்தியப் பொதுநேரம் நடைமுறைக்கு வந்தது. கடிகாரம் இல்லாத பயணி, தம் ஊர் நேரத்தோடு ஒத்துப்போகாத இரயில் நேரத்திற்கு முன்கூட்டியே வந்து காத்திருந்தது அறியாமையன்று, முன்னெச்சரிக்கையே ஆகும்.

மனுவும் சட்டமும்

பயணியர் குறைகள் அமைப்பு சார்ந்த கோரிக்கையாக உருப்பெற்றதும் தொடக்கக் காலத்திலேயே நிகழ்ந்தது. சர் சையது அகமது கான் முன்னின்று அலிகாரில் நிறுவிய வடமேற்கு மாகாணங்களின் பிரித்தானிய இந்தியச் சங்கம், 1866இல் இரயில் பயணிகளின் துன்பங்களை அரசின் கவனத்திற்குக் கொணர்ந்தது. அரசியல் உரிமைக் கோரிக்கைகள் முழுமையாக உருப்பெறாத காலத்திலேயே பயண வசதி பொதுக் கோரிக்கையானமை இங்குக் கருதத்தக்கது.

1890ஆம் ஆண்டின் இந்திய இருப்புப்பாதைச் சட்டம் இவ்வகையில் முக்கியமான ஆவணமாகும். ஒவ்வொரு பெட்டி அறையிலும் எத்தனை பேர் பயணம் செய்யலாம் என்பதை வரையறுத்து அவ்வெண்ணிக்கையை வெளிப்படையாக எழுதி வைக்கவேண்டும் என்று அதன் 63ஆம் பிரிவு கூறியது. எண்ணிக்கை நிரம்பிய அறைக்குள் பயணியை வற்புறுத்தி ஏற்றும் ஊழியருக்கு 20 ரூபாய் வரை தண்டம் விதிக்க 102ஆம் பிரிவு இடமளித்தது. 64ஆம் பிரிவு, 1891 சனவரி முதல் ஒவ்வொரு பயணிகள் வண்டியிலும் கடை வகுப்பில் ஓர் அறையையேனும் பெண்களுக்கென ஒதுக்கவேண்டும் என்றது. வண்டி 50 மைலுக்கு மேல் செல்லுமாயின் அவ்வறையில் கழிப்பறை அமையவேண்டும் என்றும் விதித்தது.

இப்பிரிவுகளை நோக்கும்போது இரண்டு செய்திகள் புலனாகின்றன. ஒன்று, பெட்டியில் தமக்கென ஓர் இடம் என்பது பயணியின் உரிமையாகச் சட்டத்தால் 1890இலேயே ஏற்கப்பட்டுவிட்டது. மற்றொன்று, கழிப்பறை வேண்டும் என்பது பெண்களுக்கான அறைக்கு மட்டுமே சட்டத்தின் வழியாக உறுதிசெய்யப்பட்டது. ஏனைய கடை வகுப்பினர் வண்டி நிற்கும் நிலையங்களையே நம்பியிருக்க வேண்டியிருந்தது. இவ்வேறுபாட்டை மனத்தில் கொண்டே அடுத்துவரும் ஆவணத்தை அணுகவேண்டும்.

நகைப்பிற்குரியதாக்கப்பட்ட ஒரு கடிதம்

வங்காளத்தைச் சேர்ந்த ஓகில் சந்திர சென் என்பவர் 1909இல் சாஹிப்கஞ்ச் கோட்ட இரயில் அலுவலகத்திற்கு எழுதியதாக வழங்கும் கடிதம் பலரும் அறிந்தது. பலாப்பழம் உண்டு வயிறு உப்பிய நிலையில் அகமதுபூர் நிலையத்தில் இறங்கி ஒதுங்கியதையும், அதற்குள் வண்டி புறப்பட, ஒரு கையில் செம்பும் மறு கையில் வேட்டியுமாக ஓடி விழுந்து பலர் முன் அவமானமுற்றதையும் அவர் அதில் எடுத்துரைக்கின்றார். அந்த வண்டிக் காவலர்மீது தண்டம் விதிக்கவேண்டும், இல்லையேல் செய்தித்தாள்களுக்குத் தெரிவிக்க நேரிடும் என்றும் எச்சரிக்கின்றார். இலக்கணப் பிழை மலிந்த அதன் ஆங்கிலம் காரணமாக இக்கடிதம் நெடுங்காலமாக நகைச்சுவைத் துணுக்காகவே வலம் வந்துள்ளது.

1890ஆம் ஆண்டுச் சட்டத்துடன் ஒப்பிட்டு நோக்கினால் இக்கடிதத்தின் பொருள் மாறுகின்றது. பெண்களுக்கான அறைக்குச் சட்டம் ஏற்றுக்கொண்ட ஓர் உடல் தேவையை, எஞ்சிய பயணிகளுக்கும் உரியதெனத் தம் அவமானத்தையே சான்றாக வைத்து ஒருவர் கோருவதாக அது அமைகின்றது. தம் உடல் சார்ந்த இழிவை வெட்கம் விட்டு அரசு அலுவலகத்திற்கு எழுதுதல் எளிதன்று. பிழையான ஆங்கிலத்தைக் கண்டு நகைப்போர், எழுதியவருக்கு அம்மொழி தாய்மொழியன்று என்பதையும், அவர் மொழியில் எழுதினால் படிப்பார் அவ்வலுவலகத்தில் அரியர் என்பதையும் மறந்துவிடுகின்றனர். கடை வகுப்புப் பெட்டிகளில் கழிப்பறை வந்தது இவ்வொரு கடிதத்தின் பயன் என்று கூறுதல் மிகையாகும். பல்லாண்டுக் கால மனுக்களும் சட்டமும் பத்திரிகைக் குரல்களும் சேர்ந்தே அம்மாற்றத்தைக் கொணர்ந்தன. அக்குரல்களின் வரிசையில் இக்கடிதத்திற்கும் உரிய இடம் உண்டு என்பதே பொருந்தும்.

காந்தியடிகளின் பதிவுகள்

கடை வகுப்பின் நிலையைத் தொடர்ந்து எழுதியவருள் காந்தியடிகள் முதன்மையானவர். 1902இல் கல்கத்தாவிலிருந்து இராஜ்கோட்டிற்குக் காசி, ஆக்ரா, ஜெய்ப்பூர், பாலன்பூர் வழியாக மூன்றாம் வகுப்பிலேயே அவர் பயணம் செய்தார். 1915ஆம் ஆண்டுக் கும்பமேளாவின்போது சகாரன்பூருக்கு அப்பால் கூரையற்ற சரக்குப் பெட்டிகளில் பயணிகள் அடைக்கப்பட்டதைத் தம் தன்வரலாற்றில் குறித்துள்ளார். நண்பகல் வெயிலில் தாகம் வாட்டியபோதும், கிடைப்பது முஸ்லிம் நீராயின் அருந்தாமல் இந்து நீருக்காகக் காத்திருந்தவர்களையும் அவர் காட்டுகின்றார்.

1917 செப்டம்பரில் பம்பாயிலிருந்து சென்னைக்கு அஞ்சல் வண்டியில் சென்ற பட்டறிவை அவர் விரிவான கடிதமாக எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். அது பின்னர்ச் சிறு நூலாக வெளிவந்தது. 22 பேருக்கென எழுதப்பட்ட பெட்டியில் அவ்வெண்ணிக்கையைக் கடந்து பயணிகள் ஏறியமை, வழியெங்கும் பெட்டி தூய்மை செய்யப்படாமை, கழிப்பறையின் இழிநிலை, விற்கப்பட்ட தின்பண்டங்களின் கேடு ஆகியவை அதில் இடம்பெறுகின்றன. முதல் வகுப்புக் கட்டணம் மூன்றாம் வகுப்பினதைப் போல் ஐந்து மடங்கிற்கும் மேல். ஆயின் மூன்றாம் வகுப்பினருக்குக் கிடைக்கும் வசதி முதல் வகுப்பில் ஐந்தில் ஒரு பங்கேனும் உண்டா என்பது அவர் எழுப்பிய வினா. 63ஆம் பிரிவு நடைமுறைக்கு வந்து கால் நூற்றாண்டிற்குப் பின்னும் எண்ணிக்கைப் பலகை சுவரில் இருந்தது. அதற்கேற்ற இடம் பெட்டியில் இல்லை. நிருவாகத்தை மட்டுமன்றி, துப்புதல், இடம் மறித்தல் போன்ற பயணிகளின் பழக்கங்களையும் அவர் கடிந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

நீரும் உணவும் மதிப்பும்

இரயில் பெட்டி சாதி வேறுபாட்டைக் கரைத்தது என்பது பொதுவாகக் கூறப்படும் கருத்து. அருகருகே அமரவேண்டிய கட்டாயம் பழைய விலக்குகளைத் தளர்த்தியது உண்மையே. ஆயினும் பெட்டிக்குள் தளர்ந்த வேறுபாடு நடைமேடையில் மீண்டும் நிலைநாட்டப்பட்டது. வடநாட்டு நிலையங்களில் இந்து நீர், முஸ்லிம் நீர் எனத் தனித்தனிக் குடங்கள் இருந்தன. தமிழகத்து நிலைய உணவகங்களில் பிராமணருக்கும் பிறருக்கும் தனித்தனி இடங்கள் இருந்தன. பெரியாரும் சுயமரியாதை இயக்கத்தாரும் இதனைத் தொடர்ந்து எதிர்த்ததன் பயனாக 1941இல் இப்பிரிவினை நீக்கப்பட்டது. இங்குக் குறை வசதியின்மை அன்று. ஒரே கட்டணம் செலுத்தியவர்களுக்கு ஒரே மதிப்பு இன்மையே. பயணிகள் கோரிக்கையின் எல்லை இதனால் விரிவடைந்தது.

தமிழ்ப் படைப்பிலக்கியமும் இப்பொதுவெளியை விரைவில் இனங்கண்டது. பாரதியார் தென்காசி நிலையத்தைக் களமாகக் கொண்டு 'ரயில்வே ஸ்தானம்' என்னும் கதையை எழுதினார். தி. ஜானகிராமனின் 'சிலிர்ப்பு', தொலைவூருக்கு வீட்டு வேலைக்குச் செல்லும் சிறுமியை இரயில் பயணத்தின் ஊடாகவே காட்டுகின்றது. முன்பின் அறியாதோரின் துயரம் சில மணி நேரம் தம் துயரமாக மாறும் இடமாகப் பெட்டி அமைந்தமையை இத்தகைய கதைகள் உணர்த்துகின்றன.

பொறுப்பேற்ற அரசு

1920-21இல் செயற்பட்ட ஆக்வொர்த் குழு, இருப்புப்பாதைகளை அரசே நடத்தவேண்டும் என்றும், பொதுமக்கள் கருத்தைக் கேட்க ஆலோசனைக் குழுக்கள் வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. தமிழகத்தைச் சேர்ந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார் அக்குழுவின் உறுப்பினருள் ஒருவர். விடுதலைக்குப் பின்னர், 1955இல் பழைய முதல் வகுப்பு நீக்கப்பட்டு, வகுப்புகளின் ஏணி ஒரு படி குறைக்கப்பட்டது. 1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்றில் நிகழ்ந்த விபத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தபோது, அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். பயணியின் உயிருக்கு விடையிறுக்கவேண்டியவர் ஒருவர் உண்டு என்ற நெறி அதனால் நிலைபெற்றது.

1974இல் மூன்றாம் வகுப்பு என்ற பெயர் மறைந்து இரண்டாம் வகுப்பாயிற்று. பெயர் மாறினும் மரப்பலகை மாறவில்லை. மது தண்டவதே அமைச்சராக இருந்த காலத்தில்தான் (1977-79) இரண்டாம் வகுப்புப் படுக்கைகளுக்கு இரண்டு அங்குல நுரைமெத்தை அமைக்கும் பணி தொடங்கியது. 1977 திசம்பரில் வகுப்பு வேறுபாடற்ற கீதாஞ்சலி விரைவு வண்டி பம்பாய்க்கும் ஹௌராவிற்கும் இடையே விடப்பட்டது. 1986இல் புது தில்லியில் கணினி வழி முன்பதிவு தொடங்கி, இரவெல்லாம் வரிசையில் நிற்கும் நிலையைப் படிப்படியாகக் குறைத்தது. 1992 மே மாதம் சர்ச்கேட்டிற்கும் போரிவிலிக்கும் இடையே விடப்பட்ட பெண்கள் தனி இரயில், 64ஆம் பிரிவின் ஓர் அறை முழு வண்டியாக வளர்ந்ததன் அடையாளம் எனலாம்.

இந்நூற்றாண்டின் நிகழ்வொன்றும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பயணிகள் வண்டிகள் நிறுத்தப்பட்டன. மீண்டும் இயக்கப்பட்டபோது சாதாரணப் பயணிகள் வண்டிகள் பல விரைவு வண்டிக் கட்டணத்தில் ஓடின. குறைந்த அளவுக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாயாயிற்று. 2024 பிப்ரவரி இறுதியில்தான் பழைய கட்டணம் திரும்பியது. நாள்தோறும் பக்கத்து ஊருக்குக் காய்கறி கொண்டுசெல்பவருக்கும் கூலி வேலைக்குச் செல்பவருக்கும் இவ்விருபது ரூபாய் வேறுபாடு சிறிதன்று. வட்டார வண்டிகளின் பயணியே இன்றைய கடை வகுப்புப் பயணி என்பதை இந்நிகழ்வு காட்டுகின்றது.

நிறைவுரை

மேற்கண்டவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, இரயில் பயணிக்குக் கிடைத்த ஒவ்வொரு வசதிக்குப் பின்னும் மனு, சட்டம், போராட்டம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று உள்ளது. இரண்டாவதாக, உரிமை சட்டத்தில் இடம்பெறுவதற்கும் பெட்டிக்குள் நடைமுறையாவதற்கும் இடையே நீண்ட கால இடைவெளி இருந்துள்ளது. மூன்றாவதாக, எண்ணிக்கையில் மிகுந்தோரின் தேவை கவனத்தில் கடைசியாக நிற்பது காலனிய ஆட்சியோடு முடிந்துவிடவில்லை. 1890இல் சுவரில் எழுதப்பட்ட எண்ணிக்கை, முன்பதிவற்ற பெட்டிகளின் வாயிலில் தொங்கிச் செல்வோரைக் காணும்போது இன்னும் நிறைவேறாத வாக்குறுதியாகவே நிற்கின்றது. மனுக்களையும் குறைகூறும் கடிதங்களையும் நகைப்பிற்குரியவையாக ஒதுக்காமல் வரலாற்றுச் சான்றுகளாகத் தொகுத்து ஆராய்வது, அவ்வாக்குறுதியை நினைவில் வைத்திருப்பதற்கான வழிகளுள் ஒன்றாகும்.