கொலம்பஸ் தேடினதும் கண்டதும் ஒரே குக்கர்ல

போன ஞாயித்துக்கிழமை ராத்திரி. ரூம்ல எல்லாரும் லேப்டாப்ல படம் போட்டு உட்கார்ந்தாச்சு. தியேட்டர்ல பாப்கார்ன் வாங்கற விலைக்கு ஒரு மாச மளிகையே வாங்கிடலாம்ங்கறதால, அடுப்புல நானே பொரிக்கறதுன்னு முடிவு. சும்மா உப்பு போட்டா என்ன சுவாரசியம்? சர்க்கரை, ஏலக்காய், பட்டை, சுக்கு, ஒரு சிட்டிகை மிளகாய்த்தூள்னு எடுத்து வெச்சேன். அதைப் பார்த்துட்டு ரூம்மேட் கேட்டான்:

"மச்சி, பாப்கார்ன் அமெரிக்கா அயிட்டம்டா. அதுல எதுக்கு ஏலக்காய், பட்டை எல்லாம்? பாயசமா வெக்கிற?"

அப்போ சட்டுனு பதில் வரலை. "தின்னுட்டுப் பேசு"ன்னு சொல்லிட்டேன். ஆனா கேள்வி மண்டைக்குள்ள உட்கார்ந்துக்கிச்சு. ஒரு வாரமா ஆபீஸ் முடிஞ்சு வந்து படிச்சதுல, அந்தக் குக்கருக்குள்ள பாதி உலக சரித்திரம் கிடக்குன்னு தெரிஞ்சது.

முதல்ல அந்த ராத்திரி நடந்த சோகத்தைச் சொல்லிடறேன். முதல் ரவுண்டு மொத்தமும் கரி. புகை, குக்கர் அடியில தார் ரோடு. காரணம் ரொம்ப சிம்பிள். சோள மணிக்குள்ள சுமார் 14 சதவீதம் தண்ணி இருக்கு. வெளித்தோல் கெட்டியா, காத்து போகாம மூடியிருக்கு. சூடு ஏற ஏற உள்ளே நீராவி அழுத்தம் கூடும், மாவுச்சத்து கூழாகும். கிட்டத்தட்ட 180 டிகிரி செல்சியஸ்ல தோல் தாங்காம வெடிக்கும். அழுத்தம் போனதும் கூழ் நுரைச்சு, ஆறி, வெள்ளைப் பூவா நின்னுடும். ஆனா சர்க்கரை 160, 170 டிகிரியிலேயே நிறம் மாற ஆரம்பிச்சுடும், அதைத் தாண்டிக் கொஞ்ச நேரம் விட்டாலே கருகிடும். அதாவது சோளம் பொரியற சூடும் சர்க்கரை கெடற சூடும் பக்கத்து வீட்டுக்காரங்க. ஆட்டிக்கிட்டே இருக்கலைன்னா அவ்ளோதான். நான் ஆட்டலை, படம் பார்த்துட்டிருந்தேன் :-)

சரி, சரித்திரத்துக்கு வருவோம்.

மக்காச்சோளம் பிறந்தது மெக்சிகோவின் தென்மேற்குல, சுமார் 9000 வருஷத்துக்கு முன்னாடி. தியோசிந்தேன்னு ஒரு காட்டுப் புல். அதோட கதிர்ல விரல் விட்டு எண்ணற அளவு மணிதான், அதுவும் கல்லு மாதிரி ஓட்டுக்குள்ள. அதைத் தலைமுறை தலைமுறையா விதை பொறுக்கி, இன்னிக்கு நாம பார்க்கிற கதிரா மாத்தினது பேர் தெரியாத விவசாயிங்க. 2012-ல வெளியான ஒரு ஆய்வு, பெருவின் வட கடற்கரையில பரெடோனஸ், உவாகா பிரியேட்டா ஆகிய இடங்கள்ல கிடைச்ச சோளக் கதிர்களைப் பத்திச் சொல்லுது. அதுல பழையது சுமார் 6700 வருஷத்துக்கு முந்தினது. பொரிக்கிற ரகமும் அதுல இருந்திருக்கு. அந்த ஊர்ல அப்போ மண்பானை செய்யற வழக்கமே வரலை. குக்கர் மூடி டைட்டா இருக்கான்னு நான் கவலைப்பட்டுட்டிருந்தேன், அவங்க பானையே இல்லாம சோளம் பொரிச்சிருக்காங்க!

மெக்சிகோவுல அஸ்டெக் மக்கள் பொரிச்ச சோளத்தை 'மொமோச்சிட்ல்'னு சொன்னாங்க. பெண்கள் அதை மாலையாக் கோத்துத் தலையில சூடிக்கிட்டு விழாவுல ஆடினதை, 16-ம் நூற்றாண்டுல சஹாகுன்ங்கற ஸ்பானியப் பாதிரியார் எழுதி வெச்சிருக்கார்.

இப்போ நம்ம ஹீரோ (வில்லன்னும் சொல்லலாம்) கொலம்பஸ். 1492-ல அவர் கிளம்பினது எதுக்குன்னு ஸ்கூல்லயே படிச்சோம். ஆசியாவுக்குக் கடல்வழி, தங்கம், வாசனைப் பொருட்கள். கையில சாம்பிளுக்குப் பட்டையும் மிளகும் எடுத்துட்டுப் போனார். 1492 நவம்பர் 4-ம் தேதி, கியூபா கரையில, அங்க இருந்தவங்க கிட்ட அதைக் காட்டி 'இது இங்க கிடைக்குமா'ன்னு கேட்டதா அவரோட பயணக் குறிப்புல இருக்கு. தென்கிழக்குப் பக்கம் நிறைய இருக்குன்னு அவங்க சைகையில சொன்னதா இவர் புரிஞ்சுக்கிட்டார். அங்க பட்டையும் கிடையாது, மிளகும் கிடையாது. ஆனா அதே வாரத்துல, உள்நாட்டுக்கு அனுப்பின ரெண்டு பேர் திரும்பி வந்து ஒரு புதுத் தானியத்தைப் பத்திச் சொன்னாங்க. அந்தத் தீவு மக்கள் டைனோக்கள். அவங்க மொழியில அதுக்குப் பேர் 'மஹிஸ்'. ஆங்கிலத்துல மெய்ஸ்னு சொல்றது அங்கிருந்து வந்ததுதான்.

தேடினது பட்டை, கண்டது சோளம். ரெண்டும் என் குக்கர்ல ஒண்ணா!

மிளகாய் கதை இன்னும் ஜோர். அதுவும் அமெரிக்கக் கண்டத்துச் செடிதான். மிளகு தேடிப் போனவங்க, காரமா இருந்த அந்தக் காய்க்கும் மிளகு பேரையே வெச்சாங்க. போர்ச்சுக்கீசியர் கப்பல்ல அது நம்ம பக்கம் வந்தப்போ நாமளும் அதையேதான் செஞ்சோம். மிளகு + காய் = மிளகாய். ரெண்டு கண்டத்துக்காரனும் ஒருத்தனை ஒருத்தன் கேட்காமலே ஒரே மாதிரி பேர் வெச்சிருக்கான்.

இதுவரைக்கும் ஜாலியா இருந்துச்சு. இனிமே அப்படி இல்லை.

அந்த 'மஹிஸ்'ங்கற வார்த்தையைக் கொடுத்த டைனோ மக்கள், சில பத்தாண்டுகளிலேயே நோயாலும் கட்டாய உழைப்பாலும் கொத்துக் கொத்தா செத்துப் போனாங்க. வார்த்தை உலகம் முழுக்கப் பரவிச்சு, சொன்னவங்க மிஞ்சினது கொஞ்சம்தான்.

அடுத்து சர்க்கரை. கரும்பை முதல்ல பயிராக்கினது நியூகினியில. சாறைக் காய்ச்சிக் கட்டியாக்கற வித்தை வளர்ந்தது இந்தியாவுல. 'சர்க்கரா'ங்கற சமஸ்கிருத வார்த்தைதான் அரபு வழியா ஐரோப்பா போய் சுகர் ஆச்சு. 1493-ல ரெண்டாவது பயணத்துல கொலம்பஸ் கரும்பையும் ஏத்திட்டுப் போனார். தோட்டம் போட்டாச்சு, வேலைக்கு ஆள்? 16-ம் நூற்றாண்டுலேர்ந்து 19-ம் நூற்றாண்டு நடுப்பகுதி வரைக்கும் சுமார் 1 கோடியே 25 லட்சம் ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக் கப்பல்ல ஏத்தினாங்க. உயிரோட கரை சேர்ந்தவங்கள்ல பெரும்பகுதி பேர் இறக்கப்பட்டது கரும்பு விளைஞ்ச பிரேசிலுக்கும் கரீபியன் தீவுகளுக்கும்.

அடிமை முறையைச் சட்டப்படி ஒழிச்ச பிறகு? அப்போ நம்மாளுங்க முறை. மொரீஷியஸ், நேட்டால், பிஜின்னு கரும்புக் காட்டுக்கு ஒப்பந்தக் கூலிகளாப் போனவங்கள்ல தமிழர்கள் நிறைய. சென்னையிலிருந்து கிளம்பின 'ட்ரூரோ'ங்கற கப்பல் 1860 நவம்பர் 16-ம் தேதி டர்பன் போய்ச் சேர்ந்துச்சு. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவுலேர்ந்து போன முதல் கப்பல் அதுதான். இதைப் படிச்சப்புறம் சர்க்கரை டப்பாவைத் திறக்கறப்போ ஒரு நிமிஷம் கை நிக்குது. பொய் சொல்லலை.

பட்டைக்கு வருவோம். நல்ல பட்டை இலங்கையில விளையறது. மெல்லிசா, சுருட்டு மாதிரி அடுக்கடுக்கா இருக்கும். ஈழத்துத் தமிழர் இதைக் கறுவான்னு சொல்வாங்க. (நம்ம மளிகைக் கடையில பட்டைன்னு தடிமனாத் தர்றது பெரும்பாலும் அதோட சொந்தக்கார மரமான காசியா.) இந்தக் கறுவாவுக்காகப் போர்ச்சுக்கீசியர் வந்தாங்க, அவங்களை விரட்டிட்டு 1658-க்குள்ள டச்சுக்காரங்க வந்தாங்க, 1796-ல ஆங்கிலேயர். டச்சுக் காலத்துல சாலாகம சாதியினர் பட்டை உரிச்சுத் தர்றது கட்டாய ஊழியம். கம்பெனிக்குத் தெரியாம வித்தா தண்டனை மரணம் வரைக்கும் போகும். கொழும்புல இன்னிக்கும் பணக்காரங்க ஏரியாவுக்குப் பேர் கறுவாத்தோட்டம். பேர்ல மட்டும்தான் கறுவா.

சரி, 'அமெரிக்கா அயிட்டம்' எப்போ ஆச்சு? 1893-ல சிகாகோ உலகக் கண்காட்சியில சார்லஸ் கிரெட்டர்ஸ், நீராவியில ஓடற பொரிக்கிற வண்டியைக் காட்டினார். அதே ஊர்ல ரூக்கைம்னு ரெண்டு ஜெர்மானிய சகோதரர்கள், பொரியையும் வேர்க்கடலையையும் கரும்புப் பாகுல பிரட்டி, 1896-ல 'கிராக்கர் ஜாக்'னு பேரைப் பதிவு பண்ணி வித்தாங்க. 1930-கள்ல பொருளாதார மந்தம் வந்தப்போ, அஞ்சு பத்து செண்ட்டுக்குக் கிடைச்ச பாப்கார்ன்தான் பல தியேட்டர்களைக் காப்பாத்திச்சு. அப்போ மலிவா இருந்ததால உள்ளே வந்தது. இப்போ விலையைப் பார்த்தா... விடுங்க.

பொரியைப் பாகுல பிரட்டறதுன்னதும் உங்களுக்கும் ஞாபகம் வந்திருக்குமே? கார்த்திகைப் பொரி! எங்கம்மா வெல்லப் பாகு வெச்சு, சொட்டு எடுத்துத் தண்ணியில விட்டு உருட்டிப் பார்ப்பாங்க. உருண்டா பதம். அதுல ஏலக்காய், சுக்கு, தேங்காய்ப் பல்லு போட்டு நெல் பொரியைக் கொட்டிக் கிளறுவாங்க. இதைச் சொல்லி 'எல்லாம் நம்மாளுங்க அப்பவே கண்டுபிடிச்சது'ன்னு காலரைத் தூக்கிவிட எனக்கு ஆசை இல்லை. சோளம் அவங்களோடது. பொரிச்சதை இனிப்புல உருட்டற யோசனை, தானியமும் பாகும் இருந்த எந்த ஊர் அடுப்படியிலயும் வந்திருக்கும்.

ரூம்மேட்டுக்கு இப்போ பதில் இருக்கு. ஏலக்காய் இங்க வழி தவறி வரலைடா. அது மலையாள மலைக்காட்டுலேர்ந்து வந்துச்சு. சோளம்தான் மெக்சிகோவுலேர்ந்து சுத்திக்கிட்டு வந்த விருந்தாளி. வர்ற வழியில யார் யார் தலையில மிதிச்சு அதைக் கொண்டு வந்தாங்கங்கறதை மறக்காம, நல்லா மென்னு தின்னு.

நேத்து இதையெல்லாம் அவன் கிட்ட சொன்னேன். முழுசாக் கேட்டான். அப்புறம், "ஓகே மச்சி, இந்தத் தடவை கருகாம பண்ணு"ன்னான். பண்ணினேன்.

பி.கு: அளவு கேட்பீங்கன்னு தெரியும். அரை கப் சோளத்துக்கு மூணு ஸ்பூன் எண்ணெய், மூணு ஸ்பூன் சர்க்கரை (பெரிய ஸ்பூன்). எண்ணெயில மூணு மணி போட்டு மூடுங்க. அது வெடிச்சதும் மீதிச் சோளம், சர்க்கரை. மூடியை லேசா வெச்சு (விசில், கேஸ்கட் வேண்டாம்!) விடாம ஆட்டுங்க. சத்தத்துக்கு நடுவுல ரெண்டு மூணு செகண்ட் இடைவெளி வந்ததும் அடுப்பை அணைச்சு உடனே தட்டுல கொட்டுங்க. பட்டை, ஏலக்காய், சுக்கு, மிளகாய்த்தூள், உப்பு எல்லாம் அதுக்கப்புறம்தான். முக்கியமா, அந்த அஞ்சு நிமிஷம் படத்தைப் பாஸ்ல போடுங்க.