கட்டைப் பிரித்த கைகள்

தமிழ் இதழியலின் வரலாறு பெரும்பாலும் ஆசிரியர்களின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882இல் சுதேசமித்திரனைத் தொடங்கியதை நாம் அறிவோம். 1934இல் தினமணி வந்ததும், டி.எஸ். சொக்கலிங்கமும் பின்னர் ஏ.என். சிவராமனும் அதை நடத்தியதும், 1942இல் சி.பா. ஆதித்தனார் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கியதும் பலமுறை எழுதப்பட்டவை. ஆனால் இந்த வரலாறு அச்சகத்தின் வாசலோடு நின்றுவிடுகிறது. அச்சான தாள் வாசகனின் திண்ணைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று அது கேட்பதில்லை. அந்தக் கடைசி ஓரிரு மைல்களை நடந்தும் மிதிவண்டியிலும் கடந்தவர்களில் பலர் பள்ளிச் சிறுவர்கள்.

அவர்களுள் ஒருவருடைய பதிவு மட்டும் நமக்கு விரிவாகக் கிடைக்கிறது. காரணம், அவர் பிற்காலத்தில் குடியரசுத் தலைவரானார். அப்துல் கலாம் 1999இல் வெளியான தன் வரலாற்று நூலான ‘அக்கினிச் சிறகுக’ளில் தம் முதல் வருமானத்தைப் பற்றிச் சொல்கிறார். அவருடைய நெருங்கிய உறவுச் சகோதரர் சம்சுதீன் ராமேஸ்வரத்தில் பத்திரிகை விற்பனையாளர். உதவிக்கு ஆளில்லாமல் தனியொருவராகத் தொழிலை நடத்தியவர். ஊரில் எழுத்தறிந்தவர்கள் ஏறத்தாழ 1,000 பேர். பாம்பனிலிருந்து வரும் காலை ரயிலில் இதழ்கள் வந்து சேரும். 1939இல் இரண்டாம் உலகப்போர் மூண்டபோது கலாமுக்கு எட்டு வயது. போர்க்கால நடவடிக்கையாக ராமேஸ்வரத்தில் ரயில் நிற்பது நிறுத்தப்பட்டது. அதன்பின் பத்திரிகைக் கட்டுகளை ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஓடும் வண்டியிலிருந்து வீசினார்கள். விழும் கட்டுகளைப் பிடிக்க இன்னொரு ஜோடிக் கை தேவைப்பட்டது. அந்தச் சிறுவனின் முதல் சம்பளம் அப்படி வந்தது.

இந்தக் கதை பள்ளி மேடைகளில் உழைப்பால் உயர்ந்த கதையாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்துவிட்டது. ஆனால் இதழியல் வரலாறாக இதைப் படித்தால் வேறு சில செய்திகள் தெரிகின்றன. முதலாவது, வாங்கியவர்கள் எதற்காக வாங்கினார்கள் என்பது. விடுதலைப் போராட்டச் செய்திகளோடு, சோதிடக் குறிப்புக்கும், சென்னையில் தங்கம் வெள்ளி என்ன விலை என்று பார்ப்பதற்கும் ராமேஸ்வரத்தார் பத்திரிகை வாங்கியதாகக் கலாம் எழுதுகிறார். அதிகம் விரும்பப்பட்டது தினமணி. ஹிட்லரையும் காந்தியையும் ஜின்னாவையும் பெரியாரையும் பற்றிய பேச்சு அந்தத் தாள்களைச் சுற்றி நடந்தது. இரண்டாவது, விநியோகத்துக்கு உதவிய சிறுவனுக்கு அந்த எழுத்து எட்டாததாக இருந்தது. தொடக்கத்தில் படங்களை மட்டும் பார்த்துவிட்டுத் தாளைக் கொடுத்திருக்கிறான். மூத்தவர் ஜலாலுதீன் சொன்ன போர்க் கதைகளைப் பின்னர் தினமணியின் தலைப்புகளில் தேடிப் பார்த்திருக்கிறான். செய்தியைச் சுமப்பது செய்தியைப் படிப்பதற்கான பயிற்சியாக மாறியது அங்கேதான். மூன்றாவது, ஐரோப்பாவில் மூண்ட போர் அந்தத் தீவைத் தொட்டது ஒரு ரயில் நிறுத்தத்தின் இழப்பாகவே. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அந்த ரயில் பாதையும் போயிற்று. கட்டுகள் விழுந்த இடத்தை இன்று நினைவில்தான் தேட வேண்டும்.

ராமேஸ்வரத்துக்கு ரயில் என்றால் எங்கள் பகுதிக்குப் பேருந்து. நான் வளர்ந்த திருநாவலூர் அப்போது தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1993இல் விழுப்புரம் மாவட்டத்துக்குப் போய், 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. 1980களின் பிற்பகுதியில், பத்தாம் வகுப்பு படிக்கையில், அங்கே நானும் பேப்பர் போட்டவன். உளுந்தூர்ப்பேட்டைப் பக்கமிருந்து இருட்டோடு வரும் பேருந்தில் கட்டு வரும். சணல் கயிற்றை அறுத்து, எண்ணி, ஞாயிறென்றால் இணைப்பைச் செருகி, 40க்கும் குறைவான பிரதிகளோடு கிளம்ப வேண்டும். வீடுகளைவிட முக்கியமானவை இரண்டு தேநீர்க்கடைகளும் முடிதிருத்தும் கடையும். வீட்டில் ஒரு பிரதியை நான்கு பேர் படித்தார்கள் என்றால் தேநீர்க்கடையில் அதே பிரதி தாள் தாளாகப் பிரிந்து மாலை வரை கைமாறிக்கொண்டிருக்கும். எழுத்தறியாதவர்கள் பக்கத்திலிருப்பவரை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்பார்கள். விற்பனை எண்ணிக்கையைக் கொண்டு தமிழ்ப் பத்திரிகைகளின் வீச்சைக் கணக்கிடுபவர்கள் இந்த இடத்தில் தவறவிடுவது அதிகம்.

1987 டிசம்பர் 24 விடியலுக்கு முன் எம்.ஜி.ஆர். காலமானார். அன்று நான் வீடு வீடாகப் போட்ட தாள்களில் அவர் உயிரோடு இருந்தார். அச்சு முடிந்து கட்டுகள் ஊர்களுக்குப் புறப்பட்ட பிறகு வந்த மரணம் அது. செய்தியை வானொலி சொல்லிவிட்டது. தேநீர்க்கடையில் ஒரு முதியவர் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, அதில் இல்லாததால் வானொலி சொன்னதை நம்ப மறுத்தார். அச்சுக்கு அன்று இருந்த மதிப்பு அவ்வளவு.

திருநாவலூர் சுந்தரர் பிறந்த தலம். பரவையாரின் ஊடல் தீர்க்கச் சுந்தரருக்காகச் சிவபெருமானே திருவாரூர் வீதியில் நள்ளிரவில் இருமுறை தூது நடந்ததைப் பெரியபுராணம் சொல்கிறது. வகுப்புத் தோழர்கள் வீட்டு வாசலில் தாள் போடத் தயங்கி நின்ற என்னிடம் ஏஜெண்ட் அண்ணன் சொன்னார்: “சாமியையே தூது அனுப்புனவரு பொறந்த ஊருடா இது. பேப்பர் போடறதுக்கு என்னாடா வெக்கம்?” தூதுக்குத் தமிழில் தனிச் சிற்றிலக்கியமே இருக்கிறது. கிளியும் மேகமும் நெஞ்சும் தூது போயிருக்கின்றன. கூலிக்குத் தூது போன சிறுவர்களை எந்தப் புலவரும் பாடவில்லை.

இதைப் பொற்காலமாக்கிவிடக் கூடாது. அதிகாலைப் பனியில் கட்டுக்குக் காத்திருந்த பிள்ளைகள் எல்லாரும் பள்ளி மணி அடிக்கும்போது வகுப்பில் இருக்கவில்லை. வேலையே பழகிப் படிப்பை விட்டவர்களை நான் அறிவேன். 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டபின் 14 வயதுக்குட்பட்டோரை எந்தத் தொழிலிலும் அமர்த்த முடியாது. பள்ளி நேரத்துக்கு வெளியே, தீங்கற்ற குடும்பத் தொழிலில் உதவுவது விலக்கு. ஆனால் பெற்றோர், உடன்பிறந்தார், பெற்றோரின் உடன்பிறந்தார் என்றே சட்டம் குடும்பத்தை வரையறுக்கிறது. உறவுச் சகோதரர் அதில் இல்லை. இன்றாக இருந்தால், ராமேஸ்வரத்துச் சிறுவன் பெருமிதத்தோடு வாங்கிய அந்தச் சம்பளம் அநேகமாகச் சட்டமீறல். சட்டம் சரியானது என்றே நினைக்கிறேன். ஓடும் ரயிலிலிருந்து விழும் கட்டைப் பிடிக்க எட்டு வயதுப் பிள்ளை போகக் கூடாது. ஒருவர் குடியரசுத் தலைவரானார் என்பது மற்றவர்களின் இழப்புக்கு ஈடாகாது.

ஆனால் சட்டம் சரியென்பதால் அந்த உழைப்பை மறந்துவிடலாம் என்றாகாது. இன்று செய்தி உள்ளங்கைக் கண்ணாடியில் ஒளிர்கிறது. அதைக் கொண்டுவந்த கை எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. தமிழகத்துச் சிற்றூர்களில் அரசியல் பேசப் பழகிய ஒரு தலைமுறையின் பின்னால், இருட்டில் கட்டைப் பிரித்த பல கைகள் இருந்தன. தலையங்கம் எழுதியவரின் பெயர் நூல்களில் இருக்கிறது. அதைத் திண்ணை வரை கொண்டுவந்தவரின் பெயர் எங்கும் இல்லை. கலாமின் பெயரைச் சொல்லிக் கொடுக்கும்போது, அந்தக் கட்டுகளுக்குப் பொறுப்பேற்றிருந்த சம்சுதீனின் பெயரையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். இதழியல் வரலாற்றின் எழுதப்படாத பாதி அவரைப் போன்றவர்களிடமிருந்துதான் தொடங்கும்.