கொலஸ்ட்ரால் மாத்திரையின் எச்சரிக்கைகள் பிறந்த கதை

கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மருந்துக்கு ஒரு தனி இயல்பு உண்டு. அதை விழுங்குபவருக்குப் பெரும்பாலும் அன்றைக்கு உடம்பில் எந்தத் துன்பமும் இருக்காது. காய்ச்சலுக்கு மாத்திரை போட்டால் காய்ச்சல் இறங்குவது தெரியும். கொலஸ்ட்ரால் மாத்திரையின் பலனோ பத்து ஆண்டு கழித்து வரக்கூடிய ஒரு மாரடைப்பு வராமல் போவது. கண்ணுக்குத் தெரியாத அந்த நன்மைக்காக, நன்றாக நடமாடும் ஒருவர் வாழ்நாள் முழுவதும் மருந்து சாப்பிட வேண்டும். அதனால்தான் இந்த மருந்துகளின் பாதுகாப்பு மற்றவற்றைவிடக் கடுமையாகச் சோதிக்கப்பட வேண்டியதாயிற்று. இன்று மருத்துவர் சொல்லும் ஒவ்வொரு எச்சரிக்கைக்குப் பின்னாலும் கடந்த அறுபது ஆண்டுகளில் நடந்த ஏதோ ஒரு நிகழ்வு இருக்கிறது. அவற்றில் சில, உயிர்களைப் பலிகொண்டவை.

ரத்தக்குழாய் அடைப்புக்கும் கொலஸ்ட்ராலுக்கும் உள்ள தொடர்பு 1913-இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் வெளிப்பட்டது. நிக்கோலாய் அனிச்கோவ் என்ற இளம் ஆய்வாளர், சூரியகாந்தி எண்ணெயில் கரைத்த கொலஸ்ட்ராலை முயல்களுக்கு ஊட்டினார். அவற்றின் தமனிச் சுவர்களில் கொழுப்பு படிந்தது. மனிதர்களிடம் இது உண்மைதானா என்பதற்கு நெடுநாள் காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் பாஸ்டனுக்கு அருகிலுள்ள ஃபிரேமிங்ஹாம் என்ற சிற்றூரின் மக்களை 1948 முதல் தொடர்ந்து கவனித்த ஆய்வு, ரத்தத்தில் கொலஸ்ட்ரால் மிகுந்தவர்களுக்கு மாரடைப்பு கூடுதலாக வருகிறது என்று 1961-இல் அறிவித்தது. மருந்து நிறுவனங்கள் அந்த முடிவுக்காகக் காத்திருக்கவில்லை.

சின்சினாட்டியைச் சேர்ந்த வில்லியம் எஸ். மெரல் நிறுவனம் 1960-இல் டிரைபாரனால் என்ற மருந்தை 'எம்.இ.ஆர்./29' என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. உடல் தானே கொலஸ்ட்ராலைத் தயாரிக்கும் நீண்ட வேதிப் பாதையின் கடைசிப் படியை அது அடைத்தது. ரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் அளவு குறைந்தது, மருத்துவர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் கடைசிப் படியை அடைத்தால் அதற்கு முந்தைய படியின் பொருள் தேங்கத்தானே செய்யும்? டெஸ்மோஸ்டெரால் என்ற அந்தப் பொருள் ரத்தத்திலும் திசுக்களிலும் சேர்ந்தது. சாப்பிட்டவர்களில் சிலருக்கு முடி கொட்டியது, தோல் செதில் செதிலாக உலர்ந்தது. அதைவிடக் கொடுமை, நடுத்தர வயதினர் சிலருக்கு இரண்டு கண்களிலும் புரை விழுந்தது.

வேறு ஆய்வுக்கூடங்களில் எலிகளுக்கும் நாய்களுக்கும் இந்த மருந்தால் கண்புரை வந்த செய்தி மெரலுக்குத் தெரிவிக்கப்பட்டிருந்தது. நிறுவனத்தின் சொந்தச் சோதனைகளிலோ குரங்குகள் பற்றிய பதிவுகள் மாற்றி எழுதப்பட்டிருந்தன. அந்தப் பதிவுகளை மாற்றும்படி கட்டாயப்படுத்தப்பட்ட ஓர் ஊழியர் வேலையை விட்டு விலகினார். அவருடைய கணவர் வேலைக்குச் செல்லும்போது காரைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவர், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஆய்வாளர். பயணப் பேச்சில் விஷயம் கசிந்தது. 1962 ஏப்ரலில் அதிகாரிகள் நிறுவனத்துக்குள் நுழைந்து பதிவேடுகளைப் புரட்டினார்கள்; சில நாள்களில் மருந்து திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் சுமார் 4 லட்சம் பேர் அதைச் சாப்பிட்டிருந்தார்கள். கருவிலிருந்த குழந்தைகளை ஊனமாக்கிய தாலிடோமைட் மருந்தை அமெரிக்காவில் விற்க அனுமதி கேட்டுக்கொண்டிருந்ததும் இதே நிறுவனம்தான். அந்த ஆண்டு அக்டோபரில் அமெரிக்க மருந்துச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. தாலிடோமைடைப் பற்றி உலகம் முழுவதும் பேசுகிறது, டிரைபாரனால் மறந்துபோயிற்று. ஆனால் நோயில்லாதவருக்குத் தரும் மருந்து எப்படித் தவறிப்போகும் என்பதற்கு டிரைபாரனாலே சரியான பாடம்.

அக்காலத்தின் மற்ற மருந்துகளில் நியாசின் என்ற வைட்டமினை மிகை அளவில் கொடுத்தால் முகம் சிவந்து எரிந்தது. பித்த அமிலத்தைக் குடலில் பிடித்துவைக்கும் கொலஸ்டிரமின் பொடியைத் தினமும் கரைத்துக் குடிப்பது சிரமமாக இருந்தது, மலச்சிக்கலும் வந்தது. குளோஃபைப்ரேட் அப்படி எந்தத் தொல்லையும் தராத மாத்திரையாகத் தோன்றியது. எடின்பரோ, புடாபெஸ்ட், பிராக் ஆகிய நகரங்களில் ஏறத்தாழ 15,000 ஆண்களிடம் உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு அது சோதிக்கப்பட்டது. 1978-இல் வந்த முடிவு மருத்துவ உலகை உலுக்கியது. கொலஸ்ட்ரால் சுமார் 9 விழுக்காடு குறைந்திருந்தது. உயிர்போகாத மாரடைப்புகளும் குறைந்திருந்தன. ஆனால் மருந்து சாப்பிட்டவர்களில் மொத்தச் சாவுகள் கூடியிருந்தன. கொலஸ்ட்ரால் பித்தத்தின் வழியே மிகுதியாக வெளியேறியதால் பித்தப்பைக் கற்களும் பெருகியிருந்தன. ரத்தப் பரிசோதனைத் தாளில் எண் இறங்கினால் மட்டும் போதாது, மனிதர் கூடுதல் காலம் வாழ்கிறாரா என்று பார்க்க வேண்டும் என்ற நெறி இங்கிருந்துதான் வலுப்பெற்றது. 2006 டிசம்பரில் டோர்செட்ராபிப் என்ற புதிய மருந்தின் சோதனை பாதியில் நிறுத்தப்பட்டதும் இதே நெறியால்தான். அது நல்ல கொழுப்பை ஏற்றியது, கெட்ட கொழுப்பை இறக்கியது. ஆயினும் அதைச் சாப்பிட்டவர்களே அதிகம் இறந்தார்கள்.

இந்தத் தோல்விகளுக்கு நடுவே டோக்கியோவின் சாங்கியோ நிறுவனத்தில் அகிரா எண்டோ என்ற உயிர்வேதியியலாளர் வேறு வழியில் யோசித்தார். கொலஸ்ட்ரால் தயாரிப்புப் பாதையின் கடைசிப் படியை விட்டுவிட்டு, தொடக்கத்தில் இருக்கும் முக்கியமான நொதியை அடைத்தால் என்ன? பாதையின் முனையிலேயே தடுத்தால் தேங்கும் பொருளை உடல் வேறு வழிகளில் செலவழித்துவிடும். பூஞ்சைகள் தம் பகை நுண்ணுயிர்களை ஒடுக்க அப்படியொரு பொருளைச் சுரக்கக்கூடும் என்று நினைத்தார். 1971 முதல் இரண்டு ஆண்டுகளில் சுமார் 6,000 நுண்ணுயிர் வகைகளை அவருடைய குழு சலித்தெடுத்தது. 1973-இல் கியோட்டோவின் ஒரு தானியக் கடை அரிசியில் வளர்ந்த நீலப்பச்சைப் பூஞ்சையிலிருந்து காம்பாக்டின் கிடைத்தது. 'ஸ்டாட்டின்' என்ற மருந்து வகையில் அதுவே முதலாவது.

எலிகளிடம் அது வேலை செய்யவில்லை. திட்டத்தையே கைவிடும் நிலை வந்தபோது, முட்டையிடும் கோழிகளிடம் சோதித்துப் பார்த்தார்கள். கொலஸ்ட்ரால் பாதியாகக் குறைந்தது. 1978-இல் ஒசாகா பல்கலைக்கழக மருத்துவமனையில் அகிரா யாமாமோட்டோ என்ற மருத்துவர், பரம்பரைக் கோளாறால் கொலஸ்ட்ரால் 1,000 மில்லிகிராமை எட்டிய 18 வயதுப் பெண்ணுக்கு இதைக் கொடுத்தார். கொலஸ்ட்ரால் இறங்கியது, ஆனால் இரண்டு வாரத்தில் தசைகள் வலுவிழந்தன. மருந்தை நிறுத்தியதும் அவர் தேறினார். பிறகு அளவைக் குறைத்து மீண்டும் கொடுக்க முடிந்தது. மருந்து கிடைத்த முதல் நோயாளியின் உடலிலேயே இவ்வகை மருந்துகளின் முக்கியமான பக்கவிளைவும் அதற்கான மாற்றும் தெரிந்துவிட்டன: தசையைக் கவனி, அளவைக் குறை. இந்த வரலாற்றில் அதிகம் பேசப்பட வேண்டிய ஓர் இடம் இது.

நாய்களுக்கு மிக அதிக அளவில் நீண்ட காலம் கொடுத்தபோது கட்டிகள் வந்ததாக எழுந்த ஐயத்தால் 1980-இல் சாங்கியோ காம்பாக்டினை நிறுத்தியது. அதையொத்த லோவாஸ்டாட்டினைச் சோதித்துக்கொண்டிருந்த அமெரிக்காவின் மெர்க் நிறுவனமும் உடனே தன் சோதனைகளை நிறுத்தியது. நாய்களிடம் மறுபடி விரிவாகச் சோதித்துக் கட்டி எதுவும் இல்லை என்று உறுதிசெய்த பின்னரே பெரிய அளவில் தொடர்ந்தது. 1987-இல் லோவாஸ்டாட்டினுக்கு அனுமதி கிடைத்தபோது, கல்லீரல் நொதிகளை அடிக்கடி பார்க்க வேண்டும், கண்ணின் வில்லையை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும் என்று சேர்த்து எழுதினார்கள். கண் பரிசோதனை, டிரைபாரனால் விட்டுச்சென்ற அச்சம். ஸ்டாட்டின்கள் கண்புரையை உண்டாக்குவதாகப் பெரிய ஆய்வுகளில் தெரியாததால் பின்னர் அந்த விதி நீக்கப்பட்டது.

உயிர் காப்பதற்கான உறுதியான சான்று 1994-இல் ஸ்காண்டிநேவிய நாடுகளிலிருந்து வந்தது. ஏற்கெனவே இதயநோய் வந்த 4,444 பேரில் சிம்வாஸ்டாட்டின் சாப்பிட்டவர்களில் 182 பேரும், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 256 பேரும் ஐந்து ஆண்டுகளுக்குச் சற்றே கூடுதலான காலத்தில் இறந்திருந்தார்கள். குளோஃபைப்ரேட் எழுப்பிய கேள்விக்கு முதன்முறையாகத் தெளிவான பதில் கிடைத்தது. அதன் பிறகு ஸ்டாட்டின் விற்பனை உலகெங்கும் பெருகியது.

பெருகிய அந்தச் சந்தையில் 1997-இல் பேயர் நிறுவனத்தின் செரிவாஸ்டாட்டின் நுழைந்தது. மில்லிகிராமில் ஒரு பங்கு அளவே போதுமான வீரியம் கொண்ட மருந்து. இன்னும் வேகமாகக் கொலஸ்ட்ராலைக் குறைக்க 0.8 மில்லிகிராம் மாத்திரையும் வந்தது. அதைச் சாப்பிட்டவர்களுக்குத் தசை செல்கள் சிதைந்து, அவற்றின் புரதம் ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தை அடைக்கும் கொடிய நிலை மற்ற ஸ்டாட்டின்களைவிடப் பல மடங்கு அதிகமாக வந்தது. சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போவது அதன் அடையாளம். 2001 ஆகஸ்ட் 8 அன்று மருந்து திரும்பப் பெறப்பட்டபோது அமெரிக்காவில் மட்டும் 31 சாவுகள் பதிவாகியிருந்தன. அவர்களில் 12 பேர் ட்ரைகிளிசரைடைக் குறைக்கும் ஜெம்ஃபைப்ரோசில் மருந்தையும் சேர்த்துச் சாப்பிட்டவர்கள். கல்லீரல் செரிவாஸ்டாட்டினைச் சிதைத்து வெளியேற்றும் வழியை ஜெம்ஃபைப்ரோசில் அடைத்தது. மாத்திரையின் அளவு மாறாமலே ரத்தத்தில் அதன் அளவு எகிறியது. இரண்டையும் சேர்க்கக்கூடாது என்ற எச்சரிக்கை 1999-லேயே மருந்துத் தாளில் இருந்தது. தாளில் அச்சிட்டதை எழுதித்தரும் மருத்துவரும் எடுத்துத்தரும் கடைக்காரரும் படிக்காவிட்டால் அது யாரையும் காப்பாற்றாது. வழக்கமாகச் சாப்பிடும் எல்லா மருந்துகளின் பெயரையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், காரணமில்லாத தசைவலியும் சிறுநீரின் நிறமாற்றமும் வந்தால் அன்றே போய்க் காட்ட வேண்டும் என்ற இரண்டு அறிவுரைகளும் அந்தச் சாவுகளுக்குப் பிறகே அழுத்தம் பெற்றன.

மருந்துகள் மட்டுமல்ல, பழமும் இப்படிக் குறுக்கிடும் என்பது தற்செயலாகத் தெரியவந்தது. கனடாவின் லண்டன் நகரில் டேவிட் பெய்லி என்ற ஆய்வாளர், ஃபெலோடிபின் என்ற ரத்த அழுத்த மருந்தோடு மதுவைச் சேர்த்துச் சோதித்தபோது, மதுவின் சுவை தெரியாமலிருக்கக் கிரேப்ஃப்ரூட் சாற்றில் கலந்தார். ரத்தத்தில் மருந்தின் அளவு பல மடங்கு ஏறியதற்கு மது காரணமல்ல, சாறுதான் காரணம் என்று 1989-இல் தெரியவந்தது. அந்தப் பழத்திலுள்ள ஃப்யூரனோகூமரின்கள் மருந்தைச் சிதைக்கும் ஒரு குடல் நொதியை முடக்குகின்றன. சிம்வாஸ்டாட்டின், லோவாஸ்டாட்டின், ஓரளவு அடோர்வாஸ்டாட்டின் ஆகியவையும் அதே நொதியை நம்பியிருப்பவை. தமிழ்நாட்டில் கிரேப்ஃப்ரூட் அரிது. ஆனால் அதன் நெருங்கிய உறவான பம்பளிமாஸிலும் இந்தப் பொருள்கள் உண்டு என்பதால் இம்மருந்துகளைச் சாப்பிடுபவர்கள் அதையும் தவிர்ப்பதே நல்லது. கிளாரித்ரோமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளும் சில பூஞ்சைக்கொல்லி மாத்திரைகளும் அதே நொதியை இன்னும் கடுமையாக முடக்கும். அவற்றைச் சாப்பிடும் சில நாள்களுக்கு ஸ்டாட்டினை நிறுத்திவைக்கும்படி மருத்துவர் சொல்வது இதனால்தான்.

அளவைப் பற்றிய தெளிவு தாமதமாகவே வந்தது. சிம்வாஸ்டாட்டினை 80 மில்லிகிராமும் 20 மில்லிகிராமும் கொடுத்து 12,000 பேரிடம் நடந்த பிரிட்டன் ஆய்வில், அதிக அளவு சாப்பிட்டவர்களில் ஐம்பதுக்கு மேற்பட்டோருக்குத் தசைநோய் வந்தது. குறைந்த அளவில் ஓரிருவருக்கே வந்தது. 2011-இல் அமெரிக்கா 80 மில்லிகிராமைப் புதியவர்களுக்குத் தரக்கூடாது என்றது. அம்லோடிபின் சாப்பிடுபவருக்குச் சிம்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்றும் வரையறுத்தது. ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் நம் ஊர்களில் எவ்வளவு பரவலானது என்பதை நினைத்தால் இந்த வரையறையின் அருமை புரியும். ஆசியர்களின் கதை இன்னும் நுட்பமானது. சிங்கப்பூரில் 2005-இல் வெளியான ஆய்வில், ஒரே அளவு ரோசுவாஸ்டாட்டின் சாப்பிட்டபோது வெள்ளையரைவிடச் சீனர்களின் ரத்தத்தில் இரண்டு மடங்குக்கு மேலும், இந்தியர்களின் ரத்தத்தில் ஏறத்தாழ ஒன்றரை மடங்கும் மருந்து இருந்தது. ஆசியர்களுக்கு 5 மில்லிகிராமில் தொடங்க வேண்டும் என்ற குறிப்பு அந்த ஆண்டிலேயே அமெரிக்க மருந்துத் தாளில் ஏறியது. மேலைநாட்டுச் சோதனையின் அளவை அப்படியே எல்லா உடல்களுக்கும் பொருத்த முடியாது.

சில அச்சங்கள் ஆதாரம் சேரச் சேரத் தணிந்தன. கல்லீரல் கடுமையாகக் கெடுவது மிக அரிது என்று தெரிந்ததால், தொடக்கத்தில் ஒரு பரிசோதனை போதும், பிறகு அறிகுறி இருந்தால் பார்க்கலாம் என்று 2012-இல் அமெரிக்க விதி தளர்ந்தது. அதே அறிவிப்பில் ரத்தச் சர்க்கரை சற்று உயரலாம் என்ற புதிய எச்சரிக்கையும் சேர்ந்தது. 91,140 பேரின் தரவுகளைத் தொகுத்த 2010 ஆய்வின்படி, 255 பேர் நான்கு ஆண்டுகள் ஸ்டாட்டின் சாப்பிட்டால் ஒருவருக்குக் கூடுதலாகச் சர்க்கரை நோய் வரும். மாரடைப்பு தடுக்கப்படும் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இது சிறிது. ஆனால் சர்க்கரையின் விளிம்பில் நிற்பவர் இதை அறிந்திருப்பது அவருடைய உரிமை.

தசைவலி பற்றிய நெடுநாள் சர்ச்சைக்கு லண்டனில் 2020-இல் ஓர் அழகான சோதனை வெளிச்சம் தந்தது. பக்கவிளைவு தாங்காமல் மருந்தை விட்டிருந்த 60 பேருக்கு 12 மாதங்களுக்கான 12 குப்பிகள் தரப்பட்டன: நான்கில் ஸ்டாட்டின், நான்கில் வெற்று மாத்திரை, நான்கு காலி. அவர்கள் உணர்ந்த தொல்லையில் சுமார் 90 விழுக்காடு வெற்று மாத்திரை தின்ற மாதங்களிலும் இருந்தது. வலி பொய்யல்ல, அதன் காரணம் பெரும்பாலும் மருந்தல்ல. முடிவைக் கேட்ட பாதிப்பேர் மீண்டும் மருந்தைத் தொடங்கினார்கள். தானாக மருந்தை நிறுத்திவிடுவதும் ஓர் ஆபத்துதான் என்பதால் இந்தச் சோதனைக்குத் தனி மதிப்பு உண்டு.

கருவுற்ற பெண்களுக்கு ஸ்டாட்டின் கூடாது என்ற தடை தொடக்கத்திலிருந்தே இருந்தது. 2021-இல் அமெரிக்கா முழுத்தடையைத் தளர்த்தி, மிகக் கடும் ஆபத்துள்ள சிலருக்கு மருத்துவர் முடிவெடுக்கலாம் என்றது. மற்றவர்கள் கருத்தரித்ததும் நிறுத்திவிட வேண்டும் என்ற அறிவுரை நீடிக்கிறது.

'இயற்கையானது' என்ற பெயரில் விற்கும் சிவப்புப் பூஞ்சை அரிசி மாத்திரைகளும் இந்த வரலாற்றில் அடங்கும். அதிலுள்ள மொனகோலின் கே, வேதியியலில் லோவாஸ்டாட்டினேதான். ஆகவே தசைநோயும் மருந்து மோதலும் அதற்கும் பொருந்தும். குப்பிக்குக் குப்பி அளவு மாறுவது கூடுதல் ஆபத்து. 2024 மார்ச்சில் ஜப்பானின் கோபயாஷி நிறுவனம் இத்தகைய மாத்திரைகளைத் திரும்பப் பெற்றது. சாப்பிட்டவர்களின் சிறுநீரகம் கெட்டிருந்தது, வேறொரு பூஞ்சை கலந்து உண்டான பியூபருலிக் அமிலம் அவற்றில் கண்டறியப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 முதல் இவற்றில் ஒரு நாள் அளவுக்கான மொனகோலின் 3 மில்லிகிராமுக்குக் கீழ் இருக்க வேண்டும் என்று கட்டளையிட்டிருக்கிறது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் 18 வயதுக்குக் குறைந்தோரும் 70 வயதைக் கடந்தோரும் ஏற்கெனவே கொலஸ்ட்ரால் மருந்து சாப்பிடுவோரும் உட்கொள்ளக் கூடாது என்று குப்பியின் மேலேயே அச்சிட வேண்டும் என்பதும் அந்தக் கட்டளையில் உண்டு.