மூளையின் இரு பாதிகள்

கணக்கில் வல்லவன் இடமூளையினன், கவிதையில் தோய்ந்தவன் வலமூளையினன் என மாணாக்கரை வகுப்போர் உளர். அறிவியல் கண்டது யாது?

1861இல் பாரிஸ் மருத்துவர் பால் புரோக்கா, பேச்சிழந்து இறந்த நோயாளி ஒருவரின் மூளையை ஆராய்ந்து, இடப்பாதியின் முன்பகுதி சிதைந்திருக்கக் கண்டார். 1960களில் அமெரிக்க அறிஞர் ரோஜர் ஸ்பெரி, வலிப்பு தணியும்பொருட்டு இரு பாதிகளையும் பிணைக்கும் நரம்புக்கற்றை அறுக்கப்பெற்றோரை ஆராய்ந்தார். வலப்பாதியை மட்டும் சேரும்படி இடப்புறத்தே காட்டிய படத்தின் பெயரை அவர்களால் கூற இயலவில்லை. ஆயினும், அப்பாதி ஆளும் இடக்கை அப்பொருளைத் தடவி எடுத்தது. பேசாத பாதியும் அறிவுடையதே எனத் தெளிவாயிற்று. 1981இல் ஸ்பெரிக்கு நோபல் பரிசு கிட்டியது.

2013இல் யூட்டா பல்கலைக்கழகத்தார் 1,011 பேரின் மூளைப் படங்களை ஆராய்ந்தனர். ஒருவரிடத்து ஒரு பாதியே முழுதும் ஓங்கி நிற்பதற்குச் சான்று கிட்டவில்லை. ஜொகூர்த் தமிழ்ப்பள்ளி மாணவன் கணக்கும் கவிதையும் பயில்வது இரு பாதிகளும் இணைந்த ஒரே மூளையால்தான்.