கல்யாண வீட்டில் தொடங்கிய கவிதா மண்டலம்

– முன்னாள் தமிழ் மன்றச் செயலாளர் (1983–84)

"மலருக்கு ஒரு கட்டுரை வேணும்ணா" என்று மலர்க்குழுத் தம்பிகள் இருவர் வீட்டுக்கு வந்தார்கள். கேன்டீன் டீ, சைக்கிள் ஸ்டாண்டு அரட்டை, பேராசிரியர்களுக்கு வைத்த பட்டப்பெயர்கள் எல்லாவற்றையும் மற்ற நண்பர்கள் எழுதிவிடுவார்கள். அதனால் "நம்ம ஊர் இலக்கியக் கூட்டங்களோட கதையை எழுதட்டுமா?" என்று கேட்டேன். "அதை யாருண்ணா படிப்பாங்க?" என்று ஒரு தம்பி வெளிப்படையாகவே கேட்டுவிட்டார். தம்பி, முதலில் நீங்க படிங்க. உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

இலக்கியக் கூட்டம் என்றதும் நம் நினைவுக்கு வருவது என்ன? மேடை, பொன்னாடை, ஒலிபெருக்கியின் 'கீச்' சத்தம், "காலத்தின் அருமை கருதி" என்ற அறிவிப்பு. இந்த வடிவம் எல்லாம் பின்னால் வந்தது. புதுச்சேரியில் இலக்கியம் கூடிய இடங்கள் வேறு.

பிள்ளையின் மாளிகை

18ஆம் நூற்றாண்டில் இங்கே புலவர்கள் கூடிய இடம் ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு. துய்ப்ளேக்ஸ் ஆளுநராக இருந்தபோது அவருக்குத் துபாஷியாக இருந்தவர் பிள்ளை. 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு உலகப் புகழ் பெற்றது. அவரைப் பாடப் பல புலவர்கள் வந்தார்கள். தியாகராய தேசிகர் 'ஆனந்தரங்கன் கோவை' பாடினார். சீனிவாச கவி 1752இல் வடமொழியில் 'ஆனந்தரங்க விஜய சம்பு' எழுதினார். அங்கே பாடுபவர் நின்றார், கேட்பவர் உட்கார்ந்திருந்தார். கேட்பவர் கொடுப்பவராகவும் இருந்தார். அந்தக் காலத்து முறை அது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கூடத்தில் புதிதாக ஒரு பையன் வந்து, "நானும் ஒண்ணு எழுதியிருக்கேன்" என்று சொல்ல முடிந்திருக்குமா? சந்தேகம்தான்.

வாடகை வீட்டுக் கவிஞர்

1908இல் நிலைமை மாறியது. சென்னையில் கைது செய்யப்படும் நிலை வந்ததால் பாரதியார் பிரெஞ்சு எல்லைக்குள் வந்து சேர்ந்தார். 'இந்தியா' இதழும் பின்னாலேயே வந்தது. அது பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் போகாமல் தடுக்கப்பட்டதால் 1910 மார்ச்சில் நின்றுபோனது. அதே ஆண்டு ஏப்ரலில் அரவிந்தர் வந்தார், பிறகு வ.வே.சு. ஐயரும் வந்தார். பிரிட்டிஷ் உளவாளிகள் இவர்களை நிழல்போலத் தொடர்ந்தார்கள்.

பாரதியாருக்கு இங்கே புரவலர் மாளிகை கிடையாது. வீட்டு மாடி, நண்பர் வீட்டுத் திண்ணை, மாலை நேரக் கடற்கரை, முத்தியால்பேட்டையில் கிருஷ்ணசாமிச் செட்டியாரின் தோப்பு, இவைதான் அவருடைய அரங்கங்கள். 'குயில் பாட்டு' அந்தத் தோப்பில் பிறந்தது. இன்றும் அந்த இடத்துக்குக் குயில் தோப்பு என்றுதான் பெயர். 1918 நவம்பரில் அவர் ஊரை விட்டுக் கிளம்பும்வரை பத்து ஆண்டுகள் இப்படித்தான் நடந்தது. அழைப்பிதழ் கிடையாது, தலைவர் கிடையாது. பாடுபவரும் கேட்பவரும் ஒரே பாயில் உட்கார்ந்தார்கள்.

அந்தப் பாயில் ஓர் இளைஞர்

இனிச் சொல்லப்போவது நம்மில் பலருக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் மாணவத் தம்பி தங்கைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் மறுபடியும் சொல்கிறேன்.

வேணு நாயக்கர் வீட்டுக் கல்யாணம். சாப்பாடு முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருக்க, பாடத் தெரிந்த ஓர் இளைஞரைப் பாடச் சொன்னார்கள். அவர் பாரதியாரின் பாட்டைப் பாடினார். கூட்டத்தில் இருந்த ஒருவர் உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர்தான் பாரதியார் என்பது பாடியவருக்குத் தெரியாது! அந்த இளைஞர் 1891இல் புதுச்சேரியில் பிறந்து, 1909இல் தம் 18ஆம் வயதிலேயே அரசுப் பள்ளித் தமிழாசிரியரான கனக. சுப்புரத்தினம்.

பழக்கம் தொடர்ந்தது. பாரதியார் ஒருநாள் நண்பர்கள் முன்னிலையில் சுப்புரத்தினத்தைப் பாட்டு ஒன்று எழுதச் சொன்னார். அவரும் எழுதிக் காட்டினார். பாரதியார் அதைத் தம் கைப்பட ஒரு குறிப்போடு 'சுதேசமித்திரன்' இதழுக்கு அனுப்பினார். தம்முடைய கவிதா மண்டலத்தைச் சேர்ந்தவர் எழுதியது என்பது அந்தக் குறிப்பு. கவிதா மண்டலம் என்றால் ஏதோ பதிவு செய்யப்பட்ட சங்கம் என்று நினைக்காதீர்கள். அந்தப் பாயில் உட்கார்ந்திருந்த சிலர்தான் மண்டலம்!

சுப்புரத்தினம் பாரதிதாசன் ஆனார். 1935இல் அவர் தொடங்கிய கவிதை இதழுக்கு வைத்த பெயர் 'ஸ்ரீ சுப்பிரமணிய பாரதி கவிதா மண்டலம்'. 1946இல் சென்னையில் பெரிய விழா எடுத்து அவருக்கு 25,000 ரூபாய் பொற்கிழி கொடுத்தார்கள். அந்த விழாவும் இலக்கியக் கூட்டம்தான். ஆனால் ஒரு கவிஞரை உண்டாக்கியது கல்யாண வீட்டுக் கூட்டம், உண்டான கவிஞரைக் கொண்டாடியது பொற்கிழி விழா. இந்த வித்தியாசத்தை நாம் மறந்துவிடக் கூடாது.

பாரதிதாசனும் வாங்கிய கடனை அடைத்தவர்தான். பள்ளியில் அவரிடம் படித்தவர் வாணிதாசன். புதுவைச் சிவம், தமிழ்ஒளி என்று அந்த வரிசை நீண்டது. பெருமாள் கோயில் வீதியில் அவர் வாழ்ந்த வீடு இன்று நினைவு இல்லம். போகாத மாணவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

வீதிக்கு ஓர் அரங்கம்

1954 நவம்பர் 1இல் பிரெஞ்சு ஆட்சி கைமாறியது. அடுத்த ஆண்டே பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் வந்தது. 1827இல் ஏற்பட்ட பொது நூலகத்துக்கு 1966இல் ரோமன் ரோலந்தின் பெயர் சூட்டப்பட்டது. கல்லூரிகள் வந்தன, ஒவ்வொன்றிலும் தமிழ் மன்றம் வந்தது. ஊரில் தமிழ்ச்சங்கம், கம்பன் கழகம், முற்போக்கு எழுத்தாளர் கூட்டங்கள், புத்தகக் கண்காட்சி என்று வளர்ந்தது.

இத்தனை இருந்தும், எழுத்தாளரைத் தேடி வீட்டுக்கே போகும் பழக்கம் இந்த ஊரில் போகவில்லை. பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத கி. ராஜநாராயணன் பல்கலைக்கழகத்தில் நாட்டுப்புறவியல் பேராசிரியராக வந்து, இலாசுப்பேட்டையிலேயே தங்கிவிட்டார். அவர் வீட்டுக்குப் போனால் பேச்சுதான், நேரம் போவதே தெரியாது. ம.இலெ. தங்கப்பா சங்கப் பாடல்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர், அவ்வளவு எளிமையான மனிதர். ஆனந்தரங்கப் பிள்ளை காலத்தை 'வானம் வசப்படும்' நாவலாக்கி 1995இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற பிரபஞ்சன், இந்த ஊரின் பிள்ளை. தங்கப்பாவும் பிரபஞ்சனும் 2018இல் மறைந்தார்கள். கி.ரா. 2021 மே மாதம் போனார். கொரோனா காலம், நேரில் போய்க் கும்பிடக்கூட முடியவில்லை.

என் சட்டைப் பை

இவ்வளவு வரலாறு பேசுகிற நான் என்ன செய்தேன் தெரியுமா?

நம் கல்லூரித் தமிழ் மன்றத்துக்கு நான் செயலாளராக இருந்த ஆண்டு, பொங்கலை ஒட்டி ஒரு கவியரங்கம். முதலாண்டு மாணவர் ஒருவர் மேடைக்குப் பக்கத்தில் வந்து, நோட்டிலிருந்து கிழித்த நான்காக மடித்த தாளை நீட்டினார். "அண்ணா, நானும் எழுதியிருக்கேன். கடைசியிலயாவது வாசிக்கட்டுமா?" வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். சிறப்பு விருந்தினர் பேச்சு நீண்டுபோனது. பொன்னாடைகள் வேறு பாக்கி. நான்தான் ஒலிபெருக்கியைப் பிடித்து, "காலத்தின் அருமை கருதி நன்றியுரை" என்று முடித்தேன். அந்தத் தாளை நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. சட்டையோடு சலவைக்குப் போயிருக்கும். பையனும் மறுபடி கேட்கவில்லை.

முகம் தெரியாத கூட்டம்

2020இல் ஊரடங்கு வந்ததும் கூட்டமெல்லாம் ஜூமுக்குப் போனது. முகம் பார்க்காமல் இலக்கியம் கேட்பது நமக்குப் புதிதா என்ன? 1967இல் புதுச்சேரி வானொலி நிலையம் வந்ததிலிருந்து வீட்டில் உட்கார்ந்தபடியே கவியரங்கம் கேட்டவர்கள்தானே நாம்! ஆனால் வானொலியில் நாம் கேட்கலாம், பதில் சொல்ல முடியாது. இதில் பதிலும் சொல்லலாம். காசு கட்டாத கணக்கில் 40 நிமிஷத்தில் கூட்டம் தானாக அறுந்துவிடும். நீளமாகப் பேசுகிறவர்களுக்கு நல்ல வைத்தியம்!

பழைய மாணவர்களாகச் சேர்ந்து மாதம் ஒரு கூட்டம் நடத்தினோம். பிரான்சில் இருக்கும் நம் சொல்தா வீட்டுப் பிள்ளைகள், நடக்க முடியாத பேராசிரியர்கள், சமையல்கட்டில் வேலை பார்த்துக்கொண்டே காதில் மாட்டிக் கேட்ட தோழிகள், எல்லோரும் வந்தார்கள். எந்த மண்டபமும் இவர்களை ஒன்றாகச் சேர்த்திருக்காது. குறையும் உண்டு. கூட்டம் முடிந்ததும் பெட்டி அணைந்துவிடுகிறது. வெளியே வந்து டீக்கடையில் நின்று, "அந்த மூணாவது கவிதை இருக்கே..." என்று பேச ஆள் கிடையாது.

ஒரு மாதம் பேச்சு முடிந்ததும், பாரிசுக்குப் பக்கத்திலிருந்து ஒருவர் ஒலியைத் திறந்தார். "அண்ணா, என்னை ஞாபகம் இருக்கா? 84 பொங்கல் கவியரங்கத்துல உங்ககிட்ட ஒரு தாள் கொடுத்தேன்." எனக்கு நாக்கு உலர்ந்துவிட்டது. "வச்சிருக்கீங்களா? என்கிட்ட படி இல்ல" என்றார், கோபமே இல்லாமல். இல்லை என்று சொன்னேன். எல்லோர் முன்னாலும் மன்னிப்பும் கேட்டேன். "அதுக்கப்புறம் எழுதினியா தம்பி?" என்றேன். "இல்லண்ணா, பட்டாளம், பிள்ளைங்க படிப்புன்னு போயிடுச்சு" என்றார்.

அவர் பெரிய கவிஞர் ஆகியிருப்பார் என்று நான் சொல்லவில்லை. யாருக்குத் தெரியும்? கல்யாண வீட்டில் பாடிய இளைஞரைப் பற்றியும் அன்று யாருக்கும் தெரியாது. ஆனால் அங்கே கேட்க ஒருவர் இருந்தார், "நீ எழுது" என்று சொன்னார். என் மேடையில் அப்படி ஒருவர் இல்லை. நான் இருந்திருக்க வேண்டும்.

ஒரு வேண்டுகோள்

நம் தமிழ் மன்றம் இப்போது ஆண்டுக்கு ஒரு விழாவோடு நின்றுவிட்டதாக மாணவர்கள் சொல்கிறார்கள். சங்கத்துக்கு என் வேண்டுகோள் சின்னது. மாதம் ஒரு மாலை, கல்லூரியில் ஒரு வகுப்பறை போதும். பொன்னாடை வேண்டாம். முதலில் வாசிப்பவர் மாணவராக இருக்கட்டும், விருந்தினர் பிறகு பேசட்டும். பழைய மாணவர்களில் நான்கு பேராவது வந்து உட்கார்ந்து கேட்போம். வெளியூர், வெளிநாட்டு நண்பர்களுக்காக ஒரு கைப்பேசியை மேசைமேல் நிறுத்தி வைப்போம். முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து டீ குடிப்போம்.

பிரான்சுத் தம்பி இந்தச் சந்திப்புக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். "புதுசா ஒண்ணு எழுதிக்கிட்டு வா" என்று கேட்டிருக்கிறேன். "பார்க்கலாம்ணா" என்றார். எழுதி வந்தாலும் வராவிட்டாலும் நிகழ்ச்சி நிரலில் அவருக்குப் பத்து நிமிஷம் ஒதுக்கியாகிவிட்டது, அதுவும் சிறப்பு விருந்தினருக்கு முன்னால். காலத்தின் அருமை கருதி அதை யாரும் வெட்டிவிடாதீர்கள்.